பெட்டியும் மூடியும் ஒரே டைம்லைனும்

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுக்கு ஒரு பெட்டி வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். போர்டு 85 மி.மீ. நீளம், 56 மி.மீ. அகலம். திருகுத் துளைகள் நான்கும் 58-க்கு 49 மி.மீ. செவ்வகத்தின் மூலைகளில் இருக்கின்றன. இதைச் சுற்றி 2.4 மி.மீ. சுவருடன் ஓர் அடிப்பெட்டி, அதன் மேல் ஒரு மூடி. ஆட்டோடெஸ்கின் 3டி வடிவமைப்பு மென்பொருளான ஃபியூஷனில் அடிப்பெட்டியை ஒரு காம்போனென்டாகவும் (தனிப் பாகம்) மூடியை இன்னொன்றாகவும் ஒழுங்காகவே போட்டிருக்கிறோம். மூடியின் ஸ்கெட்ச், அடிப்பெட்டியின் மேல் விளிம்புகளைப் புராஜெக்ட் செய்து, அதாவது அவற்றைப் பார்த்து விழும் கோடுகளாக, எடுத்தது. எல்லாம் முடிந்த பிறகு, மூலைகள் கையைக் குத்துமே என்று அடிப்பெட்டியை ஆக்டிவேட் செய்து, நான்கு செங்குத்து மூலைகளுக்கும் 6 மி.மீ. ஃபில்லெட், அதாவது வளைவு, கொடுக்கிறோம். அடிப்பெட்டி வளைந்துவிட்டது. மூடி வளையவில்லை. நான்கு மூலையிலும் கூராக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

லிங்க் எங்கோ அறுந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். எதுவும் அறுபடவில்லை. மூடியின் ஸ்கெட்ச் அடிப்பெட்டியைப் பார்த்த நேரத்தில் அதற்குக் கூரான மூலைகள்தான் இருந்தன. ஃபில்லெட் வந்தது அதற்கு அப்புறம். நம்மை ஏமாற்றியது, செய்த வேலைகளை வரிசையாகக் காட்டிக்கொண்டு கீழே ஓடும் டைம்லைன் பட்டை. அடிப்பெட்டியை ஆக்டிவேட் செய்ததும் அதில் அடிப்பெட்டியின் ஐகான்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. ஸ்கெட்ச், அதைக் கன வடிவமாக எழுப்பும் எக்ஸ்ட்ரூட், உள்ளே குடைந்து சுவராக்கும் ஷெல், பக்கத்திலேயே புது ஃபில்லெட். உண்மையில் ஷெல்லுக்கும் ஃபில்லெட்டுக்கும் நடுவில் மூடியின் மொத்த வேலையும் உட்கார்ந்திருக்கிறது. அது மறைக்கப்பட்டிருப்பதால் கண்ணில் படவில்லை. பாகங்களின் பட்டியலான பிரவுசரின் உச்சியில் இருக்கும் ரூட்டை, அதாவது மொத்த மாடலை, ஆக்டிவேட் செய்து பார்த்தால் சரியான வரிசை தெரிந்துவிடும்.

ஃபியூஷனில் பல காம்போனென்ட் வைத்து வரைபவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒரு ஃபைலுக்குள் எத்தனை காம்போனென்ட் வரைந்தாலும் டைம்லைன் ஒன்றே ஒன்று. ஒரு காம்போனென்டை ஆக்டிவேட் செய்தால் அந்த வரிசை வடிகட்டிக் காட்டப்படுகிறது, அவ்வளவுதான், தனியாகப் பிரிக்கப்படுவதில்லை. ஆகவே டைம்லைனை நிர்வகிப்பது என்றால் ஐகான்களை அழகாக அடுக்கி வைப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் காம்போனென்ட் எதைப் பார்த்து அளவு எடுக்கிறது, எதற்கு முன்னால் எது வரவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வரைவதுதான் அந்த நிர்வாகம். மற்றதெல்லாம் அதற்குத் துணை வேலை.

பழைய கடைக் கணக்கில் நாள்வழி என்றும் பேரேடு என்றும் இரண்டு வைத்திருப்பார்கள். நாள்வழியில் வரவும் செலவும் நடந்த வரிசையிலேயே ஏறும். பேரேட்டில் அதே வரவு செலவு ஆள்வாரியாகப் பிரிந்து நிற்கும். ஃபியூஷனில் இடப்பக்கம் இருக்கும் பிரவுசர் பேரேடு, கீழே இருக்கும் டைம்லைன் நாள்வழி. எந்தப் பாகத்துக்குள் என்ன இருக்கிறது என்று பிரவுசர் சொல்லும். எது முந்தி நடந்தது என்று சொல்லாது. மாடலைக் கணக்கிட்டு எழுப்பும்போது மென்பொருள் பின்பற்றுவது டைம்லைனைத்தான், இடமிருந்து வலமாக.

எல்லாவற்றையும் ஒரே வரிசையில் ஏற்றியது ஃபியூஷன் எடுத்த தனி முடிவு. எல்லா மென்பொருளும் இப்படி இல்லை. செய்த வேலைகளை வரிசையாகப் பதிந்து வைத்து, ஓர் அளவு மாறினால் அந்த வரிசையை மறுபடி ஓட்டி மாடலைப் புதுப்பிக்கும் முறை, 1980களின் பிற்பகுதியில் புரோ/எஞ்சினியரோடு தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தது. 1985-ல் சாமுவேல் கைஸ்பெர்க் தொடங்கிய பாராமெட்ரிக் டெக்னாலஜி கார்ப்பரேஷனின் மென்பொருள் அது. இன்றைக்கு அதன் பெயர் கிரியோ. 1995-ல் வந்த சாலிட்ஒர்க்ஸ் அதே முறையைச் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. இந்த மரபில் பாகத்துக்கு ஒரு ஃபைல், ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்தமாக ஒரு ஃபீச்சர் மரம் (ஃபீச்சர் என்பது எக்ஸ்ட்ரூட், ஃபில்லெட் போன்ற ஒரு வேலை). பாகங்களைச் சேர்ப்பது அசெம்ப்ளி என்ற வேறு ஃபைலில். அங்கே ஒரு பாகம் இன்னொன்றின் விளிம்பைப் பார்த்து அளவு எடுக்கலாம். ஆனால் இரண்டுக்கும் பொதுவான காலவரிசை கிடையாது. அதனால் மூடி பெட்டியைப் பார்க்க, பெட்டி திரும்ப மூடியைப் பார்க்க என்று வட்டமாகச் சுற்றும் சார்பு உருவாகிவிடலாம். அப்படி ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் கண்டுபிடிப்பது தலைவலி.

ஆன்ஷேப் என்ற இன்னொரு மென்பொருள் ஒரு நடுவழி எடுத்தது. பார்ட் ஸ்டுடியோ என்ற இடத்தில் பல பாகங்களை ஒரே ஃபீச்சர் பட்டியலில் வரையலாம்; பொருத்துவதும் அசைப்பதும் தனியே அசெம்ப்ளியில் நடக்கும். ஃபியூஷன் அந்தக் கோட்டையும் அழித்துவிட்டது. ஸ்கெட்ச், எக்ஸ்ட்ரூட், புதுக் காம்போனென்ட் பிறந்த கணம், பாகங்களைப் பிணைக்கும் ஜாயின்ட், ஒரு பாகம் நகர்ந்து நின்ற நிலை, எல்லாமே ஒரே பட்டையில் ஐகான்களாக ஏறுகின்றன. இதில் பெரிய லாபம் உண்டு. பின்னால் வருவது முன்னால் இருப்பதை மட்டுமே பார்க்க முடியும் என்பதால், ஒரு ஃபைலுக்குள் வரைந்த பாகங்களுக்கு நடுவே வட்டச் சார்பு உருவாக வழியே இல்லை. பதிலுக்கு நாம் கொடுக்கும் விலை: ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு பாகங்கள்கூட முன்பின் என்ற ஒரு வரிசைக்குள் வந்தாக வேண்டும். அந்த வரிசையை நாம் யோசித்து அமைக்காவிட்டால், நமக்கு ஞாபகம் வந்த வரிசையே மாடலின் வரிசை ஆகிவிடும்.

ஃபியூஷன் பயனர்கள் நடுவே முதல் விதி என்றே பெயர் வாங்கிவிட்ட ஒன்று உண்டு: எதையும் வரைவதற்கு முன்னால் ஒரு காம்போனென்டை உருவாக்கு, அது ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பார், அப்புறம் வரை. புதிதாக வருபவர்களுக்கு இது வெற்றுச் சம்பிரதாயமாகத் தெரியும். பாடிகளாகவே, அதாவது வெறும் கன வடிவங்களாகவே, வரைந்துகொண்டு போய், கடைசியில் பாடி மேல் ரைட் கிளிக் செய்து காம்போனென்டாக மாற்றிக்கொண்டால் என்ன குறை என்று கேட்பார்கள். குறை இருக்கிறது. அப்படி மாற்றும்போது பாடி மட்டும்தான் புதுக் காம்போனென்டுக்குள் போகிறது. அதைப் பிறப்பித்த ஸ்கெட்சும் எக்ஸ்ட்ரூட்டும் பழைய இடத்திலேயே, பெரும்பாலும் ரூட்டிலேயே, தங்கிவிடும். நாளை அந்தக் காம்போனென்டை ஆக்டிவேட் செய்தால் டைம்லைனில் அதன் வரலாறு எதுவும் தெரியாது. மூன்று பாகம் உள்ள மாடலில் சமாளித்துவிடலாம். முப்பது பாகத்தில், ஒரு துளையின் அளவை மாற்ற ரூட்டின் நீண்ட பட்டையை ஐகான் ஐகானாகக் கிளிக் செய்து தேட வேண்டியிருக்கும். மாடலில் அந்தத் துளையின் முகத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, டைம்லைனில் கண்டுபிடிக்கச் சொல்லும் வசதி இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கலாம், அவ்வளவே.

காம்போனென்டுக்குச் சொந்தமாக ஓர் ஆரிஜின் (அளவுகளின் தொடக்கப் புள்ளி) உண்டு, ஜாயின்டில் மாட்டலாம், பாகப் பட்டியலில் ஒரு வரியாக வரும். பாடிக்கு இவை எதுவும் இல்லை. அசையப் போவது, தனியாகத் தயாரிக்கப் போவது, இரண்டு முறைக்கு மேல் வரப் போவது எல்லாம் காம்போனென்ட். மற்றதைப் பாடியாக விட்டுவிடலாம்.

சரி, அந்த ஃபில்லெட்டை எங்கே வைப்பது? ரூட்டை ஆக்டிவேட் செய்து, ஃபில்லெட் ஐகானை மவுஸால் பிடித்து இடப்பக்கம் இழுத்து, மூடியின் ஸ்கெட்சுக்கு முன்னால் விடலாம். ஃபில்லெட்டுக்குத் தேவை அடிப்பெட்டியின் மூலை விளிம்புகள் மட்டும்தான். மூடியிடமிருந்து அதற்கு எதுவும் வேண்டாம். அதனால் ஃபியூஷன் தடுக்காது. தான் சார்ந்திருக்கும் ஒன்றைத் தாண்டி எந்த ஃபீச்சரும் இடப்பக்கம் போகாது, அந்த ஒரு கட்டுப்பாடுதான்.

ஆனால் மூடிக்கு முன்னால் என்றால் போதாது. ஷெல்லுக்கு முன்னாலா பின்னாலா என்பதும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுவர் 2.4 மி.மீ. என்றால், வெளி மூலையிலிருந்து உள் மூலைக்கு மூலைவிட்டமாக ஏறத்தாழ 3.4 மி.மீ. இருக்கிறது. 6 மி.மீ. ஆரமுள்ள ஃபில்லெட் அதே மூலைவிட்டத்தில் வெளியிலிருந்து சுமார் 2.5 மி.மீ. தின்றுவிடும். மிச்சம் 0.9 மி.மீ. மற்ற இடமெல்லாம் 2.4, மூலையில் மட்டும் 0.9. பெட்டி கீழே விழுந்தால் முதலில் அடி வாங்குகிற இடமும் அதுதான். ஃபில்லெட்டை ஷெல்லுக்கு முன்னால் வைத்தால், ஷெல் அந்த வளைவைப் பின்தொடர்ந்து உள்ளே 3.6 மி.மீ. ஆரத்தில் இன்னொரு வளைவு போடும். சுவர் எங்கும் ஒரே தடிமன். அதே இரண்டு ஃபீச்சர்தான், இடம் மாறினால் பாகம் வேறு. ஆகவே ஐகானை ஷெல்லையும் தாண்டி, எக்ஸ்ட்ரூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட வேண்டும்.

விட்டதும் இன்னொரு வேடிக்கை நடக்கும். டைம்லைனில் மூடியின் ஐகான்கள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும். மஞ்சள் என்றால் எச்சரிக்கை: சார்ந்திருந்த ஏதோ ஒன்றைக் காணவில்லை, பழைய வடிவத்தை வைத்துச் சமாளித்திருக்கிறேன் என்று அர்த்தம். சிவப்பு என்றால் அந்த ஃபீச்சரைக் கணக்கிடவே முடியவில்லை. ஏன் இப்படி? மூடியின் ஸ்கெட்ச் நான்கு நேர் விளிம்புகளைத் தனித்தனியாகப் புராஜெக்ட் செய்திருந்தது. இப்போது அந்த நான்கும் குட்டையாகிவிட்டன. நடுவில் புதிதாக நான்கு வில்கள் முளைத்திருக்கின்றன. ஸ்கெட்சுக்கு அந்த வில்களைத் தெரியாது. மூடிய செவ்வகமாக இருந்தது நான்கு மூலையிலும் திறந்துவிட்டது. எக்ஸ்ட்ரூட் செய்ய மூடிய வடிவம் இல்லை. ஸ்கெட்சைத் திறந்து வில்களையும் புராஜெக்ட் செய்துவிட்டு, எக்ஸ்ட்ரூட்டில் வடிவத்தை மறுபடி தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். சிவப்பைப் பார்த்துப் பதறி, ஃபில்லெட்டைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடுபவர்கள் நிறைய. அந்தச் சிவப்புக்கு முன்னால் தவறான மூடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். பிழை காட்டாத மாடல் சரியான மாடல் என்று எண்ணுவது ஆபத்து.

விளிம்பைப் பார்த்து வரைவது ஏன் இவ்வளவு பலவீனம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நாம் கிளிக் செய்யும் விளிம்புக்கு நிரந்தரப் பெயர் எதுவும் கிடையாது. மாடலை ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் முகங்களும் விளிம்புகளும் புதிதாகப் பிறக்கின்றன. நேற்று நாம் தொட்ட விளிம்பு இன்று பிறந்தவற்றில் எது என்று மென்பொருள் எதையாவது வைத்து அடையாளம் கண்டாக வேண்டும். நடுவில் ஒரு ஃபில்லெட் அந்த விளிம்பையே தின்றுவிட்டாலோ, ஒரு கட் அதை இரண்டாகப் பிளந்துவிட்டாலோ, அடையாளம் தப்பிவிடுகிறது. இந்தத் துறையில் இதற்கு டோப்பாலஜிக்கல் நேமிங் பிரச்சினை என்று பெயர். ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளின் பயனர்கள் பல ஆண்டுகள் இதோடு மல்லுக்கட்டினார்கள். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் அதைத் தணிக்கும் வேலை முதன்மைப் பதிப்புக்குள் வந்தது. விற்பனைக்கு வரும் மென்பொருள்கள் இதைக் கூடுதல் சாமர்த்தியத்தோடு கையாள்கின்றன, ஆனால் முழுதாகத் தப்பித்தது என்று எதையும் சொல்ல மாட்டேன்.

ஸ்கெட்சில் வரைந்த கோடு அப்படியில்லை. நாமாக அழிக்காதவரை அது அதே கோடுதான். இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் ஸ்கெலிட்டன் என்று சொல்லப்படும் எலும்புக்கூட்டு முறை நிற்கிறது.

நம் பெட்டிக்கு அது எப்படி அமையும்? டைம்லைனின் முதல் ஐகானாக, ரூட்டிலேயே ஒரு ஸ்கெட்ச். அதில் போர்டின் செவ்வகம், வெளிச்சுற்று, மூலையின் 6 மி.மீ. வளைவு, நான்கு துளைகளின் மையம், இவ்வளவு போதும். அளவுகளை நேரடி எண்ணாகக் கொடுக்காமல் பாராமீட்டர் பட்டியலில் பெயரோடு வைக்கிறோம்: போர்டு நீளம் 85, அகலம் 56, சுற்றிலும் இடைவெளி 1, சுவர் 2.4, மூடியின் உள்விளிம்புக்கு விடும் தளர்வு 0.2. வெளி நீளம் என்பது போர்டு நீளத்தோடு இரண்டு இடைவெளி, இரண்டு சுவர் சேர்ந்தது. கணக்கு 91.8 என்று வரும், அகலம் 62.8. அடிப்பெட்டி இந்த ஸ்கெட்சைப் பார்த்து எழும்புகிறது. மூடியும் இதே ஸ்கெட்சைப் பார்த்துத்தான் எழும்புகிறது, அடிப்பெட்டியைப் பார்த்து இல்லை. இரண்டும் ஒரு தாய்க்குப் பிறந்த பிள்ளைகள்; ஒன்று இன்னொன்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இப்போது மூலையின் ஆரத்தை 6-லிருந்து 8 ஆக்கினால் இரண்டும் சேர்ந்து மாறும். அடிப்பெட்டியில் ஏதாவது ஃபீச்சர் உடைந்து சிவப்பானாலும் மூடி பாட்டுக்கு மூடியாக இருக்கும். டைம்லைனில் எது முந்தி எது பிந்தி என்ற கவலையும் பாதி குறைந்துவிடுகிறது, ஏனென்றால் இரண்டுக்கும் தேவையானது இடப்பக்கக் கோடியில் முன்னாலேயே வந்துவிட்டது.

இதையும் அளவோடுதான் செய்ய வேண்டும். தாய் ஸ்கெட்சுக்குள் காற்றுத் துளை, பெயர் பொறிப்பு, ஸ்விட்ச் ஓட்டை என்று எல்லாவற்றையும் திணித்துவிட்டு, ஒரு கோட்டை நகர்த்தினால் பத்து கோடு எங்கெங்கோ ஓடுகிற மாதிரி வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். இரண்டு பாகங்களுக்குப் பொதுவானது மட்டும் தாய் ஸ்கெட்சில் இருக்கட்டும். காற்றுத் துளை மூடியின் சொந்தச் சமாச்சாரம். அது மூடிக்குள் இருக்கும் ஸ்கெட்சில் போக வேண்டியது. மேலிருந்து பார்க்கும் தளத்துக்கு ஒன்று, பக்கவாட்டுத் தளத்துக்கு ஒன்று என்று இரண்டு மூன்று எலும்புக்கூட்டு ஸ்கெட்ச் வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

ஜாயின்ட் விஷயத்தில்தான் ஃபியூஷனின் ஒற்றை டைம்லைன் அதிகம் குழப்புகிறது. மற்ற மென்பொருளில் பாகம் அசைவதும் பாகத்தை வரைவதும் வேறு வேறு ஃபைலில் நடப்பதால், அசைவு வரைதலைத் தொடாது. இங்கே இரண்டும் ஒரே வரிசையில். மூடிக்குக் கீல் வைத்து, ரெவல்யூட் ஜாயின்ட் (ஓர் அச்சில் சுழலவிடும் பிணைப்பு) கொடுத்து, 90 டிகிரி திறந்து பார்க்கிறோம். திறந்த நிலையிலேயே, அடிப்பெட்டியின் திருகுத் துளைகளை மூடியில் புராஜெக்ட் செய்யப் போனால், அந்தக் கணத்தில் மூடி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் கோடு விழும். மூடி நட்டுக்குத்தலாக நிற்கிறது. துளைகள் அதன் விளிம்பில் ஒரே கோட்டில் நசுங்கி விழும். அடுத்த முறை மூடியை மூடும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ஒரு பாகத்தை இழுத்துவிட்டு அடுத்த கட்டளைக்குப் போகும்போது, நிலையைப் பதியவா அல்லது பழைய இடத்துக்கே திரும்பவா என்று ஃபியூஷன் கேட்கும். அவசரத்தில் பதி என்று அழுத்திவிடுவோம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் டைம்லைனில் ஓர் ஐகான். ஒரு மாதம் வேலை செய்த ஃபைலில் இந்த ஐகான்கள் பட்டை முழுக்கச் சிதறிக் கிடக்கும். அவற்றில் ஏதோ ஒன்றின் மேல் பின்னால் வந்த ஸ்கெட்ச் சார்ந்திருந்தால், சுத்தம் செய்யலாம் என்று அதை அழித்ததும் மாடல் கலையும். சும்மா அசைத்துப் பார்த்தது என்றால் திரும்பு என்று சொல்லிவிடுவதே நல்லது. ஒரு நிலை உண்மையிலேயே வடிவமைப்புக்குத் தேவை என்றால் மட்டும் பதியலாம்.

மேலிருந்து கீழாக, பாகங்களை அவை இருக்க வேண்டிய இடத்திலேயே வரைந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. மூடி ஏற்கெனவே பெட்டியின் மேல்தான் இருக்கிறது. அதை எங்கும் நகர்த்த வேண்டியதில்லை. ஆஸ்-பில்ட் ஜாயின்ட் கொடுத்து, இருக்கும் இடத்தை வைத்தே கீலின் அச்சைச் சொல்லிவிடலாம். ஜாயின்ட்களை எல்லா வடிவ வேலையும் முடிந்த பிறகு, டைம்லைனின் வலக்கோடியில் வைப்பது என் பழக்கம். பின்னால் ஏதாவது திருத்த வேண்டுமானால் மார்க்கரை ஜாயின்ட்களுக்கு முன்னால் இழுத்துவிட்டால் போதும். பாகங்கள் வரைந்த இடத்துக்கே வந்து நிற்கும், திருத்தத்தைச் செய்துவிட்டு மார்க்கரைக் கோடிக்குத் தள்ளிவிடலாம்.

அந்த மார்க்கர், பட்டையின் கோடியில் நிற்கும் ஒரு சின்னக் குத்துக்கோடு. அதை எங்கே நிறுத்துகிறோமோ அதுவரைதான் மாடல் கணக்கிடப்படும். அடுத்து செய்யும் வேலையும் அந்த இடத்திலேயே செருகப்படும். முதலில் சொன்ன ஃபில்லெட்டை மார்க்கரைப் பின்னால் இழுத்துவிட்டுப் போட்டிருந்தால், அப்புறம் ஐகானை இழுக்கும் வேலையே இருந்திருக்காது. ஒரு காம்போனென்டுக்குத் திரும்பிப் போய் எதையாவது சேர்ப்பதற்கு முன்னால், இது டைம்லைனில் எங்கே விழ வேண்டும் என்று ஒரு நொடி நின்று யோசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சிக்கல் வராமலே போகும். காம்போனென்ட் நிறங்களைக் காட்டும் வசதியையும் ஆன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் ஒவ்வொரு காம்போனென்டுக்கும் ஒரு நிறம், டைம்லைனில் அதன் ஐகான்களுக்குக் கீழும் அதே நிறம். ரூட்டில் நின்று பார்க்கும்போது எந்த இடத்தில் வேலை பெட்டியிலிருந்து மூடிக்குத் தாவியது, எங்கே திரும்பி வந்தது என்று ஒரே பார்வையில் தெரியும்.

குழுவாக்குவதும் பெயர் வைப்பதும் எளிய வேலை. அடுத்தடுத்து இருக்கும் ஐகான்களைத்தான் குழுவாக்க முடியும், நடுவில் வேறு எதுவும் வரக் கூடாது. ஆகவே முதலில் வரிசையைச் சரி செய்துவிட்டுப் பிறகு குழு. பாராமீட்டருக்கும் முக்கியமான ஸ்கெட்சுக்கும் பெயர் வைத்தால் போதும். எல்லா ஃபில்லெட்டுக்கும் பெயர் சூட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இவ்வளவும் ஒரு ஃபைலுக்குள். மாடல் பெரிதாகிவிட்டால் என்ன? முன்னால் இருக்கும் ஓர் அளவை மாற்றினால், அதைச் சார்ந்து பின்னால் வரும் எல்லாவற்றையும் ஃபியூஷன் மறுபடி கணக்கிட வேண்டும். சில நூறு ஐகான்கள் ஆனதும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காத்திருப்பு கூடும். அப்போது பிரிப்பதே வழி. பிரிக்க இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, பாகத்தைத் தனி ஃபைலாக வரைந்து, அதை அசெம்ப்ளியில் இணைப்பது. அதன் வரலாறு அதன் ஃபைலிலேயே இருக்கும். இங்கே டைம்லைனில் ஒரே ஓர் ஐகான். திருகு, பேரிங், மோட்டார், ராஸ்பெர்ரி பை போர்டு போல நம் வடிவமைப்பைப் பார்த்து மாறாத பொருள்கள் எல்லாம் இப்படித்தான் வர வேண்டும். இரண்டாவது, டெரைவ் (derive). தாய் ஸ்கெட்சையும் பாராமீட்டர்களையும் ஒரு ஃபைலில் வைத்து, அடிப்பெட்டி ஃபைலும் மூடி ஃபைலும் அவற்றை அங்கிருந்து இழுத்துக்கொள்வது. எலும்புக்கூட்டு முறையே, ஃபைல் எல்லையைத் தாண்டி. தாய் ஃபைல் மாறினால் பிள்ளை ஃபைல்கள் தாமாக மாறிவிடாது. காலாவதி என்று குறி காட்டும், நாம் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். இது தொல்லையாகப் பட்டாலும், எப்போது மாற்றத்தை ஏற்பது என்ற பிடி நம் கையில் இருக்கிறது. அச்சுக்குப் போன மூடி நமக்குத் தெரியாமல் மாறிவிடாது.

இணைத்த பாகத்தை அசெம்ப்ளிக்குள் இருந்தபடியே திருத்தவும் ஃபியூஷன் விடுகிறது. பக்கத்துப் பாகத்தின் விளிம்பைப் பார்த்து அளவும் எடுக்கலாம். வசதிதான், ஆனால் இதன் வழியாக ஒரு ஃபைல் இன்னொன்றை எந்தச் சூழலில் பார்த்தது என்ற புதுக் கணக்கு ஒன்று சேர்ந்துகொள்கிறது. ஒற்றை டைம்லைன் தந்த தெளிவை நாமே விட்டுக்கொடுக்கும் இடம் இது. அவசியம் இருந்தால் மட்டும் போகலாம்.

பிரிப்பதில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு தடையும் உண்டு. சொந்த உபயோகத்துக்கான இலவச உரிமத்தில், ஒரே நேரத்தில் திருத்தும் நிலையில் 10 ஃபைல்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பாகத்துக்கு ஒரு ஃபைல் என்று போனால் அந்தப் பத்து ஒரே புராஜெக்டில் தீர்ந்துவிடும். மற்றதைப் படிக்க மட்டும் என்று பூட்டி, தேவைப்படும்போது திறந்து, மறுபடி பூட்டி என்று மாற்றி மாற்றிச் சமாளிக்கலாம். யாருக்குப் பொறுமை இருக்கும்? வீட்டில் 3டி பிரின்டர் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் திணிப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. அவர்களுக்கு எலும்புக்கூட்டு முறை இன்னும் அவசியமாகிறது, ஏனென்றால் பிரித்துத் தப்பிக்கும் வழி அவர்களுக்குக் குறைவு.

டைம்லைனே வேண்டாம் என்றும் சொல்லலாம். வடிவமைப்பு வரலாற்றைப் பதிய வேண்டாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. கொடுத்தால் பட்டை மறைந்துவிடும், முகங்களைப் பிடித்து நேரடியாக இழுத்துத் திருத்தலாம். யாரோ அனுப்பிய ஸ்டெப் ஃபைலில் (வரைந்த வரலாறு இல்லாமல் வடிவம் மட்டும் உள்ள பொதுவான 3டி ஃபைல்) இரண்டு துளையை அடைக்க இது அருமையான வழி. ஆனால் ஒரு முறை வரலாற்றை விட்டுவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. கொஞ்சம் நேரடித் திருத்தம், மிச்சம் வரலாற்றோடு என்றால் பேஸ் ஃபீச்சர் இருக்கிறது: டைம்லைனில் ஒற்றை ஐகான், அதற்குள் நடப்பது எதுவும் பதியப்படாது.

வேண்டாத பாகத்தை நீக்குவதில் ஒரு சூட்சுமம். டிலீட் என்றால் அந்தப் பாகமும் அதன் வரலாறும் சேர்ந்து போகும். அதைப் பார்த்து வரைந்தவை எல்லாம் நிராதரவாக நிற்கும். ரிமூவ் என்றால் டைம்லைனில் ஓர் ஐகான் சேரும், அந்த இடத்துக்குப் பிறகு அந்தப் பாகம் இருக்காது, அதற்கு முன்னால் இருந்தபடியே இருக்கும். முன்மாதிரியாக வைத்து அளவு எடுத்துவிட்டு, இனித் தேவையில்லை என்று ஆன பாகத்துக்கு ரிமூவ். தப்பாக வரைந்துவிட்ட பாகத்துக்கு, அதுவும் உடனே, டிலீட்.

வேறு ஒருவர் வரைந்த ஃபைல் கைக்கு வந்தால் பிரவுசரிலிருந்து தொடங்காதீர்கள். ரூட்டை ஆக்டிவேட் செய்து, நிறங்களை ஆன் செய்து, டைம்லைனின் இடப்பக்கம் இருக்கும் பட்டனை அழுத்தி ஆரம்பத்துக்குப் போங்கள். பிறகு அடுத்த அடி என்ற பட்டனை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வாருங்கள். முதலில் ஸ்கெட்ச் வந்ததா, பாடி வந்ததா. எந்த நிறம் எப்போது எந்த நிறத்துக்குத் தாவியது. ஜாயின்ட் வந்த பிறகும் யாராவது வரைந்துகொண்டிருந்தார்களா என்பதெல்லாம் வரிசையாக வெளியே வரும். எங்கே முதல் மஞ்சள் தெரிகிறதோ அங்கே நிறுத்தி, அதை முதலில் சரி செய்யுங்கள். வலப்பக்கம் இருக்கும் மற்ற மஞ்சள்களில் பல அதனால் வந்தவைதான். அது தீர்ந்ததும் அவையும் தீர்ந்துவிடும். மிச்சம் இருப்பவற்றை மட்டும் அதன்பின் ஒவ்வொன்றாகத் திறந்தால் போதும்.